சிம்பன்சி 98, வாழை 60, அம்மா 50: இந்தக் கணக்கை எப்படி வாசிப்பது?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பரம்பரைப் பாடம் வந்தால் போதும், யாராவது ஒரு பிள்ளை போனில் பார்த்த ஓர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். ஒரு மழை நாள். தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே நான் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த பெண் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அம்மாவோட நமக்கு 50 சதவீதம்தான் ஒன்னு. வாழைப்பழத்தோட 60 சதவீதம். அப்ப நான் அம்மாவ விட வாழைப்பழத்துக்குத்தான் கிட்டவா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த இரண்டு எண்ணுமே பொய்யில்லை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முறையைச் செய்து பார்த்து, இப்போது இரண்டு பாடவேளையில் முடிக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள் வகுப்பில் செய்யலாம். பிள்ளை வீட்டில் கேட்டால் அம்மா அப்பாவும் அடுப்படியில் உட்கார்ந்தே செய்து காட்டலாம்.

தேவையானது நான்கு தானியம்: பயறு, கௌபி, கடலை, சோளம். ஒவ்வொன்றிலும் இரண்டு கை. ஒரு துணிப்பை. ஒரு நீள வாங்கு.

முதலில் சொல்லவேண்டியது இது. டி.என்.ஏ. என்பது நான்கே நான்கு எழுத்தில் எழுதிய நீளமான எழுத்து வரிசை. மனிதருடையதில் சுமார் 300 கோடி எழுத்து. அதில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதியைத்தான் நம் பாடநூல் பரம்பரையலகு என்கிறது, இணையத்தில் மரபணு என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். புரதம் செய்யும் மரபணு நமக்குச் சுமார் 20,000. அவற்றில் புரதத்துக்கான எழுத்தை மட்டும் சேர்த்து எண்ணினாலும் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு கூட வராது. இந்த விஷயத்தைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி வைத்துவிடுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது நான்கு தானியத்தையும் சம அளவில் பையில் போட்டுக் குலுக்குங்கள். இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வாங்கில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு 40. ஒரு வரிசைக்கு நேர் கீழே மற்ற வரிசை. மேலும் கீழும் ஒரே தானியம் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது? எண்ணுவதற்கு முன் வகுப்பிடம் ஊகிக்கக் கேளுங்கள். என் பிள்ளைகள் எப்போதும் "ரெண்டு", "மூணு" என்பார்கள். எண்ணினால் பத்துப் பக்கம் வரும். ஏழும் வரும், பதின்மூன்றும் வரும், ஆனால் பல தரம் செய்தால் பத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

அதாவது ஒரு சொந்தமும் இல்லாத இரண்டு வரிசைக்கே 25 சதவீதம் "ஒற்றுமை" இருக்கிறது. நான்கு எழுத்துத்தானே, தற்செயலாகவே நாலுக்கு ஒன்று பொருந்திவிடும். எழுத்தை எண்ணும் கணக்கில் தரை பூச்சியம் கிடையாது, 25. யாராவது "அந்தப் பூச்சியோடு நமக்கு 30 சதவீதம் ஒற்றுமை" என்றால் அது எந்தத் தரையிலிருந்து அளந்தது என்று கேட்கவேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மூன்று ஜோடிப் பிள்ளைகளாவது செய்து பார்க்கட்டும். கையால் எண்ணிப் பார்த்த பிள்ளை இதை மறக்காது.

அப்புறம் ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து இன்னொரு பிள்ளையை அப்படியே பிரதி செய்யச் சொல்லுங்கள். பிரதியில் ஒரு கடலையை எடுத்துவிட்டு அங்கே ஒரு சோளம் வையுங்கள். 40இல் 39 ஒன்று, 97.5 சதவீதம். இது எல்லாருக்கும் புரியும். இப்போது சோளத்தை எடுத்துக் கடலையைத் திரும்ப வைத்துவிட்டு, வேறு ஒரு வேலை செய்யுங்கள்: பிரதியில் மூன்றாவது தானியத்தைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை இடப்பக்கம் நெருக்கித் தள்ளுங்கள். "எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள்.

முதல் இரண்டைத் தவிர மற்றது எல்லாம் குழம்பிப் போயிருக்கும். பிள்ளைகள் "டீச்சர், பாதி கூட இல்ல" என்பார்கள். நீங்கள் வாய் திறக்கவேண்டாம். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை, என் வகுப்பில் பெரும்பாலும் கணக்கில் மட்டமான ஒரு பிள்ளைதான், "ஒரு எடம் விட்டா எல்லாம் சரியா வரும் டீச்சர்" என்று சொல்லி, கையால் ஒரு இடைவெளி விட்டு நகர்த்திக் காட்டும். அந்தப் பிள்ளை சொல்லும்வரை காத்திருங்கள். அப்புறம் கேளுங்கள்: இப்போது வித்தியாசம் ஒன்றா, முப்பதா?

விஞ்ஞானிகள் செய்வதும் இதே இடைவெளி விடும் வேலைதான். சிம்பன்சியின் முழு வரிசையை மனித வரிசையோடு வைத்து ஒப்பிட்ட முடிவு 2005இல் வந்தது. நேருக்கு நேர் வைக்க முடிந்த இடங்களில் சுமார் 3.5 கோடி எழுத்து மாறியிருந்தது. அது 1.23 சதவீதம். 98.8 என்றும், சுருக்கி 98 அல்லது 99 என்றும் ஊரெல்லாம் ஓடுவது இந்த எண்தான். ஆனால் ஒரு பக்கம் எழுத்துத் துண்டு இருந்து மறு பக்கம் இல்லாமல் போன இடங்களும் சுமார் 50 இலட்சம் இருந்தன, நம் வாங்கில் தூக்கிய தானியம் மாதிரி. அந்தத் துண்டுகளின் நீளத்தையும் சேர்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 4 சதவீதம் ஆகிவிடும். ஒற்றுமை 96. அதே ஆய்வில் புரதங்களையும் ஒப்பிட்டார்கள்: இரண்டு பேரிடமும் ஓர் அமினோ அமிலம் (புரதம் என்ற சங்கிலியின் ஒரு கண்ணி) கூட மாறாமல் இருந்த புரதங்கள் 29 சதவீதம்தான். மற்றவற்றில் பொதுவாக ஒன்றிரண்டு மாற்றம்.

ஒரே ஆய்வு, ஒரே டி.என்.ஏ. அதிலிருந்து 98.8, 96, 29 என்று மூன்று எண். மூன்றும் சரி. ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். அதனால் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் பழக்கம் இதுதான்: சதவீதம் கேட்டவுடனே "எதை எண்ணினீங்க?" என்று திருப்பிக் கேள். எழுத்தா, மரபணுவா, புரதமா? நேருக்கு நேர் வைக்க முடிந்த பகுதியை மட்டுமா, முழுவதையுமா?

எலியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 2002இல் எலியின் வரிசை வந்தபோது, அதன் மரபணுக்களில் 99 சதவீதத்துக்கு மனிதரிடம் ஒத்த மரபணு உண்டு என்று கண்டார்கள். ஆனால் கரும்பலகை மூலையைப் பாருங்கள், புரதத்துக்கான எழுத்து மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. முழு எழுத்து வரிசையில் எலியோடு நேருக்கு நேர் வைக்க முடிந்தது மனிதருடையதில் சுமார் 40 சதவீதம் மட்டும். பத்திரிகைக்காரர் 99ஐ எடுப்பார். 40ஐயும் எடுத்திருக்கலாம்.

சரி, வாழைப்பழம். அந்த 60, மரபணுக் கணக்கு. பாடநூலை வைத்துச் சொல்கிறேன். நம் புத்தகத்தில் 100 பாடம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 60 பாடத்துக்கு வாழையின் புத்தகத்திலும் அதே தலைப்பில் ஒரு பாடம் இருக்கிறது. தலைப்பு ஒன்று, வரிகள் ஒன்றில்லை. அந்தப் பாடங்களைத் திறந்து புரத வரிசையைப் பார்த்தால், பொருந்துவது சராசரியாக 40 சதவீதம்தான். எந்தத் தலைப்புகள்? சீனியை உடைத்துச் சக்தி எடுப்பது, டி.என்.ஏ.யைப் பிரதி எடுப்பது, புரதம் கட்டுவது. உயிருள்ள கலம் எதுவானாலும் செய்யவேண்டிய அன்றாட வேலைகள். எந்த வீட்டிலும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருக்கிற மாதிரி. அதோடு எண்ணத் தொடங்கியது யாருடைய புத்தகத்திலிருந்து என்றும் பார்க்கவேண்டும். வாழைக்குச் சுமார் 36,000 மரபணு, நமக்கு 20,000. அங்கிருந்து எண்ணினால் வேறு எண் வரும்.

அம்மாவின் 50 இந்த இரண்டு கணக்கிலும் சேராது. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இப்படி: உன் பையில் ஒரே விஞ்ஞானப் புத்தகத்தின் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. இலவசப் பாடநூலின் உள் அட்டையில் போன வருடம் படித்த அக்காவின் பெயர் எழுதியிருக்குமே, அதுபோல இதிலும் பெயர் எழுதியிருக்கிறது என்று வை. "அம்மா பெயர் எழுதிய புத்தகம் எத்தனை?" இரண்டில் ஒன்று. அதுதான் 50. நம் டி.என்.ஏ. 46 நிறமூர்த்தமாக (குரோமோசோம்) பிரிந்திருக்கிறது, அதில் 23 அம்மா தந்தது. "உள்ளே அச்சிட்டிருக்கும் எழுத்து அம்மாவுடையதோடு எவ்வளவு ஒன்று?" அது வேறு கேள்வி. உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் 1,000 எழுத்துக்குச் சுமார் ஒன்றுதான் மாறும். அம்மாவோடு அதைவிடவும் குறைவு.

ஆகவே அந்தப் பெண் பிள்ளையின் கேள்விக்கு இரண்டு பேரையும் ஒரே கோலால் அளந்து பதில் சொல்லவேண்டும். மரபணுக்கு மரபணு என்று எண்ணினால் வாழை 60, அம்மா கிட்டத்தட்ட முழு 100. எழுத்துக்கு எழுத்து என்றால் அம்மா 99.9க்கு மேல், வாழையின் வரிசையில் பெரும் பகுதியை நம்முடையதோடு நேருக்கு நேர் வைக்கவே முடியாது. இதை அடுத்த வருடம்தான் என்னால் இவ்வளவு நேராகச் சொல்ல முடிந்தது. அவள் அப்போது மேல் வகுப்புக்குப் போயிருந்தாள். கூப்பிட்டு வைத்துச் சொன்னேன்.

இனி எனக்கு மிக முக்கியமான இடம்.

ஒரு வருடம் இந்தப் பாடம் முடிந்த மறுநாள், இடைவேளையில், லயத்துப் பையன் (தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை) ஒருவனைச் சுற்றி நின்று இரண்டு பேர் "நீ 98 இல்லடா, 99" என்று சொல்லியிருக்கிறார்கள். கறுத்த, மெலிந்த பிள்ளை. இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து நேரே வந்து என்னிடம் கேட்டார்: "டீச்சர், புத்தகத்துலயே அப்படி இருக்கா?" அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியது நான். அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதும் நான்.

அந்த வாக்கியத்தை நீங்கள் விடவேண்டாம்: உயிரோடு இருக்கும் எல்லா மனிதரும் சிம்பன்சிக்கு ஒரே தூரம். சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்து சுமார் 60, 70 இலட்சம் வருடம். இன்றைய மனித இனம் ஆபிரிக்காவில் உருவானது வெறும் 3 இலட்சம் வருடத்துக்குள். நாம் எல்லாரும் அந்தப் பிரிவுக்கு மிகப் பிந்தி வந்த ஒரே குடும்பம். சித்தப்பா பிள்ளை அண்ணனுக்கு என்ன முறையோ தம்பிக்கும் அதே முறைதான். அண்ணன் கறுப்பு, தம்பி சிவப்பு என்பதால் முறை மாறுமா? நிறத்தைத் தீர்மானிக்கும் எழுத்துகள் 300 கோடியில் மிகச் சில. பிள்ளைகளுக்கு முறை என்றால் நன்றாகத் தெரியும், அதனால் இது உடனே ஏறும். அதே வகுப்பில், அதே மணித்தியாலத்தில் சொல்லிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளவேண்டாம்.

அதோடு இன்னொன்றும் ஏறும். குரங்கு நம் பாட்டன் இல்லை, பங்காளி. எங்கள் பாடசாலைக் கொய்யா மரத்துக்கு வரும் ரிலவாக் குரங்கும் நம்மைப் போலவே இத்தனை இலட்சம் வருடம் தன் வழியில் நடந்து வந்த உயிர். இலங்கையைத் தவிர வேறெங்கும் அந்த இனம் இல்லை. அதன் இந்தியச் சொந்தமான ரீசஸ் குரங்கின் வரிசை 2007இல் வந்தது. ஒப்பிட முடிந்த இடங்களில் நம்மோடு சுமார் 93 சதவீதம்.

"அப்ப 98.8 ஒன்னுன்னா ஏன் டீச்சர் இவ்வளவு வித்தியாசம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே காட்டுங்கள். எங்களுக்கு எதிர் மலை வீ.பி. தேயிலை. விதை போடாமல், ஒற்றை இலையோடு தண்டை வெட்டி நட்டு வளர்த்தது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தந்த 'டி.ஆர்.ஐ. 2025' என்று பெயரிட்ட இனம் மாதிரி ஒன்றை ஒரு மலை முழுக்க நட்டால், அத்தனை செடியும் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய 100 சதவீதம் ஒன்று. ஆனால் ஓடைக் கரையில் இருக்கும் செடியும் கல்லு மேட்டில் இருக்கும் செடியும் ஒரே மாதிரியா கொழுந்து தருகிறது? கொழுந்து எடுக்கும் அம்மாமார் யாரிடம் கேட்டாலும் தெரியும். இன்னும் நல்ல உதாரணம் கம்பளிப்புழு. அதுவும் அதிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே டி.என்.ஏ. ஒன்று ஊரும், ஒன்று பறக்கும். எந்த மரபணு, எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதுதான் உடம்பைச் செய்கிறது. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் புரதங்கள் இவ்வளவு ஒத்திருக்கும்போது வித்தியாசம் இந்த முடுக்கி நிறுத்தும் வேலையில்தான் கூடுதலாக இருக்கவேண்டும் என்று மேரி கிளெயர் கிங்கும் ஆலன் வில்சனும் 1975இலேயே எழுதினார்கள்.

1995இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங்கின் குழு செய்த ஒரு சோதனையை நான் எப்போதும் சொல்வேன். கண் உருவாகத் தொடங்கி வைக்கும் மரபணு ஒன்றை எலியிலிருந்து எடுத்து, பழ ஈயின் காலில் வேலை செய்ய வைத்தார்கள். காலில் கண் முளைத்தது. எலிக் கண் இல்லை, ஈயின் கண். எலியின் மரபணு "இங்கே கண் செய்" என்று மட்டும் சொன்னது, எப்படிப்பட்ட கண் என்பது ஈயின் உடம்புக்குத் தெரியும். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

நேரம் இருந்தால் சைட்டோக்குரோம் சீ என்ற சிறிய புரதத்தையும் சேருங்கள். நமக்கு அதில் 104 அமினோ அமிலம். கொப்பியில் 104 கட்டம் போடச் சொல்லி, நம்மோடு மாறும் இடங்களின் எண்ணிக்கைக்கு நிறம் தீட்டச் சொல்லுங்கள்: சிம்பன்சி 0, ரீசஸ் குரங்கு 1, குதிரை 12. 0 என்பதால் நாம் சிம்பன்சி ஆகிவிடவில்லை. யார் கிட்ட, யார் தூர என்ற வரிசைதான் இங்கே பார்க்கவேண்டியது.

சொந்தத்துக்கு ஒற்றுமையை விடப் பெரிய சாட்சி, பிழை. விடைத்தாள் திருத்துகிற எவருக்கும் இது தெரியும். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடை எழுதினால் ஒன்றும் தோன்றாது. ஒரே பிழையை ஒரே இடத்தில் எழுதியிருந்தால் ஒருவர் மற்றவருடையதைப் பார்த்திருக்கிறார், அல்லது இருவரும் ஒரே கொப்பியைப் பார்த்திருக்கிறார்கள். ஆடும் நாயும் விற்றமின் சீயைத் தாமே உடம்பில் செய்துகொள்ளும். நமக்கு நெல்லியும் கொய்யாவும் தேவை, ஏனென்றால் அதைச் செய்யும் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. குரங்கிடமும் சிம்பன்சியிடமும் அதே மரபணு உடைந்திருக்கிறது, அதே தழும்புகளோடு. கினிப்பன்றிக்கும் அது உடைந்ததுதான், ஆனால் வேறு விதமாக. அது தனியாகச் செய்த பிழை.

கடைசியாக இன்சுலின். எங்கள் பக்கம் சீனி வருத்தம் இல்லாத லயம் இல்லை, பிள்ளைகள் வீட்டிலேயே ஊசி பார்த்தவர்கள். 51 அமினோ அமிலத்தில் பன்றியின் இன்சுலின் நம்முடையதோடு ஒரே இடத்தில் மாறும், மாட்டினுடையது மூன்று இடத்தில். 1922இல் டொரொன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதலில் ஏற்றியது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. பல பத்து வருடம் உலகம் அப்படித்தான் உயிர் தப்பியது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மனித மரபணுவைப் பக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த இன்சுலின். நம் எழுத்தைப் பக்டீரியா வாசித்து, அதன்படி செய்து தருகிறது. எழுத்தை வாசிக்கும் முறை இரண்டு பேருக்கும் ஒன்று.

பாடம் முடிந்ததும் தானியத்தை வீசாதீர்கள். நாங்கள் நன்றாகக் கழுவி, கடலையைத் தனியாகப் பிரித்து இரவே ஊறப் போடுவோம், அதற்கு அவிய நேரம் கூட எடுக்கும். மறுநாள் எல்லாவற்றையும் அவித்து, தேங்காய்ப் பூவும் உப்பும் போட்டு, இடைவேளைக்கு முன் வகுப்பில் பங்கிடுவோம்.